ஃபார்மட் அடிக்கும் முன்: மாங்காட்டுப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள மாங்காட்டுப் பெற்றோரே,

நம்மில் பலர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். மகளின் பாடம், அப்பாவின் ஜிஎஸ்டி கணக்கு, அக்காவின் கல்யாணப் போட்டோ, ஆதார், பட்டா, எல்ஐசி பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதற்குள்தான். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் போட்டுப் பார்க்கிறேன் என்று பிள்ளை வந்து நிற்கும்போது, "வேணாம், இருக்கிறதும் போயிடும்" என்றுதான் வாயில் வருகிறது. அந்தப் பயத்தில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பயத்தாலேயே பிள்ளையின் ஆசையை மறுத்துவிட வேண்டியதில்லை. விண்டோஸையும் உங்கள் கோப்புகளையும் தொடாமல், அதே ஹார்ட் டிஸ்கில் லினக்ஸுக்கு ஓர் இடம் ஒதுக்க முடியும். அதை எப்படிச் செய்ய வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும்; இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். 2015, 2016-இல் வாங்கிய நல்ல சிஸ்டம்கூட இந்தக் கணக்கில் தேறாது. அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே "பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லப்படுகிறது. புதிது வாங்கப் பணம் இருப்பவர்கள் வாங்கட்டும். இல்லாதவர்களுக்கு லினக்ஸ் என்ற வழி இருக்கிறது.

இன்னொரு காரணம் பிள்ளையின் பாடநூலிலேயே இருக்கிறது. 2018-இல் வந்த பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தில் விண்டோஸை அடுத்து உபுண்டு லினக்ஸும் பாடம். கணினிப் பயன்பாடுகள் எடுத்த பிள்ளைகள் படிப்பது ஓபன் ஆஃபீஸ் ரைட்டர். பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான். புத்தகத்தில் படம் பார்த்து, கேள்வி–பதில் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு, அந்தத் திரையை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தும் இப்படி ஆவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரே டிஸ்கில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று, நமக்கு வெகு தூரமில்லாத திருவள்ளூரை அடுத்த காக்களூரில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே ஹார்ட் டிஸ்கில் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ஆப்பரேட்டிங் சிஸ்டம். அந்தப் பணியில் சி-டாக்கின் சென்னை மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மடிக்கணினித் திட்டத்துக்கும் முன்னால், சி. உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களையே சூசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியிருந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி முடிவுக்கு வந்தபோது, தமிழக அரசு தன் துறைகளுக்குப் பாஸ் லினக்ஸைப் பரிந்துரைத்தது. அண்டை மாநிலமான கேரளம் இன்னும் உறுதியாக நின்றது. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டமும், பின்னர் அதன் இடத்துக்கு வந்த கைட் நிறுவனமும் பள்ளிக் கம்ப்யூட்டர்களை லினக்ஸிலேயே ஓட்டி, ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சியும் கொடுத்தன.

நம் பக்கம் என்ன நடந்தது? லேப்டாப் வீட்டுக்கு வந்தது. ஆன் செய்தால் இரண்டு பெயர்கள் காட்டியது. ஒன்று தெரிந்தது, இன்னொன்று தெரியாதது. தெரியாததை எடுத்துவிடச் சொல்லிக் கடையில் கொடுத்தவர்கள் ஏராளம். "ஃபார்மட் அடிச்சு" விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள், பல நேரம் உரிமம் இல்லாத விண்டோஸை. யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. கையில் கொடுத்த அரசு, அதைத் திறந்து காட்டும் ஓர் ஆளைக் கூடவே அனுப்பவில்லை; குறை அங்கேதான். இப்போது பிள்ளை தானாகவே கேட்கிறது. இந்த முறை அதைத் தவறவிட வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம்.

எதையும் நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ் மின்ட் என்றால் இறக்க வேண்டியது சுமார் 3 ஜிபி, உபுண்டு என்றால் 6 ஜிபி அளவு. தினம் ஒன்றரை ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் இது ஆகாது. ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டில் இறக்கிக்கொள்ளலாம். ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற இலவச மென்பொருளால் அதைப் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகவே காலிப் பென் டிரைவாகப் பார்த்து எடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் என்று அந்தந்தக் கம்பெனிக்கு உரிய கீயை அழுத்தினால், எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் முழுதாகத் திறக்கும். உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஓர் எழுத்துகூட மாறாது.

அப்படியே சில வாரம் ஓட்டட்டும். வைஃபை எடுக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பார்க்கட்டும். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஷட் டவுன் செய்தால் அதில் சேமித்தது பொதுவாக நிற்காது. அந்தக் குறைகள் டிஸ்கில் நிறுவிய பிறகு இருக்காது. பிள்ளைக்கு லினக்ஸ் கட்டளைகளைப் பழகுவது மட்டும்தான் தேவை என்றால், விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது, அதுவே போதும். டிஸ்கைப் பிரிக்கவே வேண்டாம். முழு கம்ப்யூட்டராக லினக்ஸைப் பயன்படுத்திப் பழக வேண்டும் என்றால்தான் அடுத்த கட்டம்.

அடுத்த கட்டத்துக்கு முன், மிக அதிகமாக ஏமாற்றும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். "எல்லாத்தையும் டி டிரைவ்ல காப்பி போட்டாச்சு" என்று பிள்ளையும் சொல்லும், சில கடைக்காரர்களும் சொல்வார்கள். அது காப்பு ஆகாது. சி, டி, இ என்று நீங்கள் பார்ப்பதெல்லாம் ஒரே டிஸ்கின் பகுதிகள் (பார்ட்டிஷன்). நம் ஊரில் ஒரே மனையை அளந்து கல் நட்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பதைப் போன்றதுதான் அது, மண் ஒன்றுதான். டிஸ்க் பழுதானால் மூன்றும் போகும். லினக்ஸ் நிறுவும்போது தவறான ஒரு பொத்தானை அழுத்தினாலும் மூன்றும் போகும். காப்பு என்றால் அது அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும்: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், பெரிய பென் டிரைவ், அல்லது வேறொரு கம்ப்யூட்டர். காப்பி எடுத்த பிறகு அதை வேறொரு சிஸ்டத்தில் செருகி, நாலைந்து போட்டோக்களையும் கணக்குக் கோப்பையும் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். இதை மட்டும் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மற்றதையெல்லாம் பிள்ளையிடம் விடலாம், இதை விடக் கூடாது.

விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிஸ்க் முழுவதையும் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன், உங்களைக் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். பூட் ஆகும் முறையில் மாற்றம் வந்ததைக் கண்டால் அது 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே அதைத் தேடி எடுத்து, ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். எண் கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பவற்றை யாராலும் திறந்து தர முடியாது.

அதன் பிறகு விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை நிறுத்த வேண்டும். அது இயங்கும் வரை, நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. பாதி நினைவை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸ் போய் அதே பகுதியில் எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகலாம். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஒரு டிக் எடுத்தால் முடிந்தது. இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வைத்துக்கொண்டு அவதிப்படுபவர்களில் பலர் தவறவிடுவது இந்த ஒரு டிக்கைத்தான்.

இடத்தைப் பிரிக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யச் சொல்லுங்கள். லினக்ஸின் இன்ஸ்டாலரும் அதைச் செய்யும், ஆனால் விண்டோஸின் பகுதியைச் சுருக்க விண்டோஸையே நம்புவதுதான் என் அனுபவத்தில் நல்லது. 50, 60 ஜிபி ஒதுக்கினால் படிப்புக்குத் தாராளம். சி டிரைவில் 100 ஜிபி காலி இருந்தும் 10 ஜிபிக்கு மேல் சுருக்க மாட்டேன் என்று சில நேரம் அடம்பிடிக்கும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் போன்ற நகராத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் வழிவிடும். பிரித்த இடத்தைப் புது டிரைவாக ஆக்காமல், காலியாகவே விட வேண்டும்.

கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பார்ட்டிஷன் சுருங்கிக்கொண்டிருக்கும் நடுவில் சிஸ்டம் அணைந்தால் சேதம் பெரிது. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும்.

பழைய சிஸ்டங்களில் கூடுதலாக ஒரு சோதனை. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பயாஸ் மோடு என்ற வரியில் யுஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும். விண்டோஸ் எதில் இருக்கிறதோ அதே முறையில்தான் பென் டிரைவையும் பூட் செய்ய வேண்டும். லெகசி என்றால் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் முறையில் இருக்கும். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இடமில்லை. நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் காலி இடம் இருந்தும் லினக்ஸ் அங்கே உட்காராது. அப்படிப்பட்ட சிஸ்டத்தில் பிள்ளை தனியாக முயல வேண்டாம், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

நிறுவும்போது திரையில் சி, டி என்று எழுத்துகள் இருக்காது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்பது போன்ற பெயர்களும் அளவுகளும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பகுதியின் அளவையும் முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. "எரேஸ் டிஸ்க்" என்று ஒரு தேர்வு முதலிலேயே கண்ணில் படும். அதை அழுத்தினால் வீட்டின் கணக்கு, கல்யாணப் போட்டோ, விண்டோஸ் எல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும். வேண்டியது "இன்ஸ்டால் அலாங்சைட்", அதாவது விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவுவது. 100 எம்பி அளவில் ஒரு சின்னப் பகுதி, இஎஃப்ஐ என்ற பெயரில் இருக்கும். இரண்டு சிஸ்டமும் பூட் ஆவதற்கு அதுதான் வாசல். அதை ஃபார்மட் செய்யவே கூடாது.

நிறுவிய பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்தால் க்ரப் என்ற கறுப்புப் பட்டியல் வந்து எதைத் திறக்க என்று கேட்கும். இது வீட்டில் மற்றவர்களைப் பதற வைக்கும். அதற்கு நான் சொல்லும் வழி: யுஇஎஃப்ஐ சிஸ்டம் என்றால் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்துவிடுங்கள். அப்பா ஆன் செய்தால் எப்போதும்போல விண்டோஸ் வரும். லினக்ஸ் வேண்டும்போது பிள்ளை எஃப் 12 அழுத்திப் போய்க்கொள்ளும். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிரும் வீட்டில் சண்டையில்லாமல் இருக்க இதுவே நல்ல ஏற்பாடு. இரண்டு பக்கமும் வேண்டிய கோப்புகளை டி டிரைவில் வையுங்கள். விண்டோஸின் பகுதியை லினக்ஸ் படிக்கும், லினக்ஸின் பகுதியை விண்டோஸ் தானாகப் படிக்காது.

சில தொல்லைகள் வரும். விண்டோஸில் கடிகாரம் திடீரென ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் இந்திய நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் வேறுபாடு அது. லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். அதுவரை வங்கிப் பக்கங்கள் திறக்காமல் மறுக்கலாம், பதற வேண்டாம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் திருத்தம் ஒன்று, இரண்டும் வைத்திருந்த பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸைத் திறக்க விடாமல் செய்தது. 2025 மே மாதத்தில்தான் அது முழுமையாகச் சரிசெய்யப்பட்டது. அப்போதும் கோப்புகள் அழியவில்லை. இப்படி ஏதாவது நேரும் நாளுக்காக, லினக்ஸ் பென் டிரைவை அழிக்காமல் மேசை டிராயரில் வைத்திருங்கள்.

பிடிக்கவில்லை, எடுத்துவிட வேண்டும் என்றால் எடுத்துவிடலாம். ஆனால் விண்டோஸிலிருந்து லினக்ஸ் பகுதியை மட்டும் சட்டென்று அழித்துவிடாதீர்கள். லெகசி சிஸ்டத்தில் அப்படிச் செய்தால் அடுத்த முறை க்ரப் ரெஸ்க்யூ என்ற வரியோடு நின்றுவிடும். நிறைய பேர் கடைக்கு ஓடுவதும், கடைக்காரர் முழு டிஸ்கையும் ஃபார்மட் அடிப்பதும் இந்த இடத்தில்தான். முதலில் விண்டோஸ் தானாக பூட் ஆவதை உறுதி செய்துகொண்டு, தேவையானால் விண்டோஸ் ரிப்பேர் பென் டிரைவால் பூட் பகுதியைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே பகுதியை அழிக்க வேண்டும்.

விண்டோஸை முழுதாக விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. டேலி நேரடியாக லினக்ஸில் ஓடாது. டிடிபி வேலை செய்பவர்களின் பேஜ்மேக்கர், கோரல் டிராவும் ஓடாது. ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் படுத்தும். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு டிரைவர் தேடிப் போராட வேண்டியிருக்கும். இவற்றால் பிழைப்பு நடக்கும் வீட்டில் விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் இரண்டும் என்கிறேன். தமிழில் எழுதுவதற்கு ஒரு குறையும் இல்லை: தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலேயே கிடைக்கிறது, யூனிகோட் எழுத்துருக்கள் கூடவே வருகின்றன, லிப்ரே ஆஃபீஸைத் தமிழ் முகப்போடு திறக்கலாம். 2 ஜிபி ரேம் உள்ள பழைய அரசு லேப்டாப்புக்கும் லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸ் உண்டு.

படித்துக்கொள்ளத் தமிழிலேயே நூல் இருக்கிறது. 2012 முதல் வரும் கணியம் இதழும், அதன் வழியாக து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்களும் இலவசம். சந்தேகம் கேட்கக் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் இருக்கிறார்கள்; நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய குழு. பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள், தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

மாங்காடு, குமணன்சாவடி, குன்றத்தூர் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிகளும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஒருவர் லேப்டாப்பை நீட்டியதும் ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். உள்ளே லினக்ஸ் இருந்தால், அது யாருக்காவது வேண்டுமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு பிள்ளையின் பல மாத வேலை அதற்குள் இருக்கலாம்.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளை மீண்டும் வந்து கேட்கும்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "காப்பி வெளியே எடுத்துட்டியா, காட்டு." காட்டிவிட்டால், போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரர்,
மாங்காடு